ஆலடி உமல்

விடிந்து வெகுநேரமாகியும் சிவப்பி புண்ணாக்குத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. கன்று போட்டு அன்றைக்கு மூன்றாம் நாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு பிறந்த செவலைக் கன்று தாயின் தொடையை முட்டி முட்டிப் பார்த்தது. தாயோ, யாருடைய கன்றோ வழிதவறி வந்துவிட்டது என்கிற மாதிரிக் காலை மாற்றி வைத்து விலகிக்கொண்டது. அதன் தலை ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தது. கொட்டிலின் தென்னோலைக் கிடுகு மறைப்புக்கு அப்பால், வெங்காயத் தோட்டத்துக்கும் ஒழுங்கைப் பாதைக்கும் அப்பால், மூலையில் மழைக்குக் கறுத்து நிற்கும் ஆலமரத்தின் பக்கம். இரண்டு காதும் அந்தப் பக்கமே நின்றன. மடியில் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் நான்கு காம்பிலிருந்தும் பால் சொட்டி, சாணமும் வைக்கோலும் மிதிபட்ட தரையில் வெள்ளையாகத் தேங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துச் சின்னத்தங்கத்துக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். வீணாகிற ஒவ்வொரு துளியும் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு வெற்றியாகப் போய்ச் சேர்வதாக அவளுக்குப் பட்டது. காலை விடிந்தால் அவளுக்கு முதல் வருகிற நினைவே வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

அந்தப் பக்கம் இருந்தவள் கூடப்பிறந்த தங்கச்சி குணலட்சுமி. தகப்பன் அருளம்பலம் சாகுமுன் வீட்டு வளவை நடுவால் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் சீதனமாக எழுதி, நடுவில் கிடுகு வேலி போட்டார். நிலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கத் தெரிந்த மனிதருக்கு மாட்டைப் பிரிக்கத் தெரியவில்லை. மூத்தவளுக்கு வயதுபோன கறுப்புப் பசு. இளையவளுக்குச் செவலைப் பசுவும் அதன் நாம்பன் கன்றும், அதாவது காளைக் கன்றும். அந்தக் கன்று வளர்ந்து, சுன்னாகத்திலிருந்து மானிப்பாய் வரை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற சுட்டி நாம்பனாகி, குணலட்சுமியின் முற்றத்தில் திமில் சரிய நின்றது. எட்டு வருஷமாகச் சின்னத்தங்கம் அந்தத் திமிலை வேலிக்கு மேலால் பார்த்து வந்தாள். பார்த்த நாளில் சோறு இறங்காது. பார்க்காமல் இருக்கவும் முடியாது.

இதற்கு மேலே கோவில் வேறு. மார்கழித் திருவெம்பாவையில் பத்து நாளும் விடியற்காலைப் பூசைக்குப் பிள்ளையாருக்கு அபிஷேகப் பால் குணலட்சுமி வீட்டிலிருந்துதான் போகும். ஈரத்தலையோடு வெண்கலச் செம்பை ஏந்தி அவள் வரும்போது நிற்கிறவர்கள் வழிவிடுவார்கள். அந்த ஓரடி வழிதான் சின்னத்தங்கத்தின் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. இந்த முறை, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, சிவப்பி நல்ல நேரத்தில் சினைப்பட்டிருந்ததால் அவள் முந்திக்கொண்டு ஐயரிடம் போய்க் கேட்டாள். கன்று போட்டுப் பதினொரு நாள் துடக்குத் தீட்டுக் கழிந்தால் திருவெம்பாவை முதல் நாளுக்குச் சரியாக இருக்கும், மூத்தவளே தரட்டும் என்று ஐயரும் சொல்லிவிட்டார். செய்தி கேட்ட குணலட்சுமி, "நல்லதுதானே" என்று சிரித்தாளாம். சண்டைக்கு வந்திருந்தாலாவது சின்னத்தங்கத்துக்கு ஆறியிருக்கும்.

அதனால்தான் மூன்றாம் நாள் காலையில் தரையில் தேங்கிய பாலைப் பார்த்தபோது அவளுக்கு எரிந்தது. செம்பைக் காம்புக்கு நேரே பிடித்தாள். சிவப்பி திரும்பிப் பார்க்கவேயில்லை. தொண்டைக்குள்ளிருந்து தாழ்ந்த குரலில், பசுக்கள் புதுக் கன்றை நக்கும்போது கனைக்குமே, அப்படிக் கனைத்தது. ஆலமரத்தைப் பார்த்துக் கனைத்தது.

சிவப்பி எப்படி இந்தக் கொட்டிலுக்கு வந்தது என்பது சின்னத்தங்கத்துக்கும் ஒரு மத்தியான வெயிலுக்கும் மட்டுமே தெரியும் என்று அவள் நம்பியிருந்தாள். நான்கு வருஷத்துக்கு முந்திய ஆடியில், தங்கச்சியும் அவள் புருசன் நடராசாவும் மாவிட்டபுரம் தேருக்குப் போயிருந்த பகலில், வேலியில் மூன்று கிடுகை அவிழ்த்து, நுழைந்து போகிற அளவு இடைவெளியாகப் பொட்டு வைத்துத் தன் கறுப்புப் பசுவை அந்தப் பக்கம் கொண்டுபோய் நாம்பனோடு விட்டுக் கூட்டி வந்தாள். கேட்டால் நடராசா தானே கொண்டுவந்து விட்டிருப்பான், ஊருக்கெல்லாம் விடுகிறவன். கேட்பதற்குத்தான் நா எழவில்லை. பிறந்தது சிவப்பி. நெற்றியில் அதே சுட்டி. பூநகரியிலிருந்து வந்த நாம்பன் ஒன்றின் கன்று என்று ஊருக்குச் சொன்னாள். சிவப்பி வளர்ந்து காளைக்குக் கத்தியபோது, அந்தப் பக்கத்து அழகில் ஒரு பங்கு வந்ததற்கே இப்படி என்றால் இரண்டு பங்கு வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தாள். மாசி மகத்துக்கு அவர்கள் கீரிமலைக்குப் போன பகலில் அதே பொட்டால், மகளைத் தகப்பனிடமே கொண்டுபோய் விட்டாள்.

சிவப்பி கன்று போட்டது மழை தூறிய ஒரு மைமலில், இருட்டுகிற பொழுதில். புருசன் நமசிவாயம் தோட்டத்தில் தேங்கிய வெள்ளத்தை வெட்டி விடப் போயிருந்தான். முதலில் வந்தது சுட்டிக் கன்று, பெட்டை, குறை சொல்ல ஒன்றுமில்லாத வடிவு. சின்னத்தங்கத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிவப்பி மறுபடி முக்கியது. கன்றுக்குப் பின்னால் வரும் நஞ்சுக்கொடியான இளங்கொடி விழப்போகிறது என்று அவள் பனையோலைப் பையான உமலை எடுத்து வைத்தாள். கொழகொழவென்று ஒன்று முழுசாக வழுக்கி வந்து வைக்கோலில் விழுந்தது. அதே நேரம் வேலிப் பக்கம் வெளிச்சம் அசைந்தது.

"அக்கா! கண்டு போட்டிட்டுதே? நான் ஒருக்கா வந்து பாக்கட்டே?"

தங்கச்சியின் கண் பட்டால் போச்சு. சின்னத்தங்கம் சுட்டிக் கன்றை ஒரு கையால் மறைப்புக்குப் பின்னே தள்ளினாள். மறு கையால் விழுந்ததைப் பார்க்காமல் வாரி உமலுக்குள் திணித்தாள். கனமாக இருந்தது. வழக்கமான இளங்கொடி கைக்குள் நழுவும். இது கைக்குள் நின்றது. சூடாக இருந்தது. சவ்வுக்கு அடியில், அவள் உள்ளங்கைக்கு நேரே, ஏதோ ஒன்று மெல்ல உப்பித் தாழ்ந்தது. மறுபடியும் உப்பித் தாழ்ந்தது. பசுவின் சூடு அடங்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உமலின் வாயைத் தும்புக் கயிற்றால் இறுகக் கட்டினாள்.

"விடிய வந்து பார். இப்ப ஒண்டும் பாக்கக் கூடாது" என்று குரல் கொடுத்தாள். வெளிச்சம் திரும்பிப் போயிற்று.

நமசிவாயம் வந்து உமலைத் தூக்கியபோது ஒரு பக்கம் சாய்ந்தான்.

"இஞ்சை, இதென்ன கனம்? இளங்கொடியோ, நெல்லு மூட்டையோ?"

"பெரிய கண்டு. இளங்கொடியும் பெருசாய்த்தான் இருக்கும். கெதியாக் கொண்டுபோய்க் கட்டுங்கோ."

ஊர் வழக்கம் அது. இளங்கொடியை நாய் நரி தொடாமல் பால் வடிகிற மரத்தில் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் பசுவுக்குப் பால் ஊறும். அது தானாக உக்கி இற்று விழுமுன் யாராவது அவிழ்த்தால் மடி வற்றிவிடும். ஒழுங்கை மூலை ஆலில் அப்படி இருபது முப்பது உமல்கள் தொங்கின. பழையவை வற்றி, நிறம் போய், காற்றுக்குக் கிலுகிலுத்தன. மழையில் மரம் வழுக்கியதால் நமசிவாயம் மேலே ஏறவில்லை. நுனிக்காலில் நின்று எட்டி, தலைக்கு மேல் போன ஒரு கொப்பில் கட்டிவிட்டு வந்தான்.

நான்காம் நாள் காலையில் மடி வெறுமையாக இருந்தது. கன்று குடிக்கவில்லை, அதன் வயிறு ஒட்டிக் கிடந்தது. கறந்தவர் யாருமில்லை. தரையிலும் பால் இல்லை. சிவப்பியைக் கட்டிய கயிற்றின் முடிச்சு மட்டும் தளர்ந்திருந்தது. சின்னத்தங்கம் கன்றைக் காப்பாற்றக் கஞ்சி வடித்து விரலைத் தோய்த்து அதன் வாய்க்குள் வைத்தாள். கன்று விரலை நாக்காலும் அண்ணத்தாலும் பற்றி இழுத்தது. கீழ்ப் பல் விரலில் உரசியது. வேலிக்கு மேலால் குணலட்சுமியின் முகம் தெரிந்தது.

"அக்கா, எங்கடை மாட்டுப் பால் ஒரு போத்தல் தரட்டே? கண்டு வாடிப் போகுது."

"வேண்டாம். என்ரை மாட்டிலை கிடக்கிற பால் காணும்."

போதாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

அன்று பின்னேரம் புல் செருக்கி அள்ளப் போனவள் ஆலடியால் வந்தாள். மழை விட்டிருந்தது. இலைகளிலிருந்து நீர் விழும் சத்தம், தவளை, எங்கோ கிணற்றுத் துலாவின் கிறீச்சு. பழைய உமல்கள் எல்லாம் காற்றுக்கு ஒரு பக்கமாக ஆடின. புது உமல் ஆடவில்லை. எறும்பு ஏறவில்லை, காகம் அண்டவில்லை. அதன் ஓலையின் அடிப்பக்கம் ஈரமாக மினுங்கியது, பசு நக்கி நக்கி விட்ட மாதிரி. அதற்குக் கிட்டப் போனபோது ஒரு சத்தம் கேட்டது. ஈரச் சீலையை யாரோ மெதுவாக வாயால் ஊதுவது போல. நின்றது. மறுபடி ஊதியது. காற்று ஓலைக்குள் புகுந்து வருகிறது என்று நினைத்தாள். ஆனால் ஒன்றை மட்டும் அவளால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. நமசிவாயம் நுனிக்காலில் எட்டிக் கட்டிய உமல் இப்போது அவள் முகத்துக்கு நேரே தொங்கியது.

ஆறாம் நாள் மாட்டு இன்ஸ்பெக்டர் செபநாயகம் மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்தார். கோமாரி எங்காவது இருக்கிறதா என்று வீடுவீடாகப் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. சுட்டிக் கன்றைக் கண்டதும் சைக்கிளைப் பூவரசில் சாய்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"வடிவான கண்டு. தகப்பன் எது அம்மா?"

"பூநகரி நாம்பன் ஒண்டு."

"தாய்க்கு?"

"அதுக்கும் பூநகரிதான்."

அவர் கன்றின் நெற்றியைப் பார்த்தார். சிவப்பியின் நெற்றியைப் பார்த்தார். வேலிக்கு மேலால் தெரிந்த நாம்பனின் நெற்றியையும் பார்த்தார். பிறகு கொப்பியில் பூநகரி என்றே எழுதிக்கொண்டார்.

"அப்பிடியெண்டால் நல்லது. ஏனெண்டால், ஏழாலையிலை ஒருத்தர் இந்தச் சுட்டி நாம்பன்ரை மகளை அதே நாம்பனோடை விட்டிட்டார். போன மாசம் கண்டு விழுந்தது. நாலு காலும் இல்லை, முழங்காலோடை முடிஞ்சு போச்சு. கீழ்த்தாடையும் இல்லை."

"ஆர் செய்த சூனியமோ" என்றாள் சின்னத்தங்கம். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

"சூனியம் இல்லை அம்மா. இரத்தத்திலை வாற குற்றம். ஒரு பக்கத்தாலை மட்டும் வந்தால் உள்ளுக்கை ஒளிச்சுக் கிடக்கும். மாடு வடிவாய் நிக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. தாய் பக்கத்தாலையும் தகப்பன் பக்கத்தாலையும் அதே குற்றம் வந்து சந்திச்சால்தான் வெளியிலை வரும். மகளைத் தகப்பனோடை விட்டால் சந்திக்க வழி செய்து குடுக்கிற மாதிரித்தான். எல்லாக் கண்டும் அப்பிடி வராது. ஒண்டு வடிவாய் வரும், மற்றது அப்பிடி வரும். பக்கத்து வீட்டிலையும் சொல்லிப்போட்டுத்தான் வாறன், உந்த நாம்பனை இனி அதின்ரை மகள்மாரிட்டை விடாதையுங்கோ எண்டு."

"அது... செத்தே பிறக்குமோ?"

"இல்லை. அதுதான் பாவம். உயிரோடை பிறக்கும். அரை மணித்தியாலம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். தாடை இல்லாததாலை கத்த ஏலாது. மூச்சு மட்டும் கேக்கும்." அவர் சைக்கிளை நிமிர்த்தினார். "ஈரச் சீலையை ஆரோ ஊதுற மாதிரி."

அவர் போய் வெகுநேரம் அவள் முற்றத்தில் அப்படியே நின்றாள். உள்ளங்கை சுட்டது. உப்பித் தாழ்ந்தது அவளுக்கு மறக்கவில்லை. உயிரோடு ஒன்றைக் கட்டித் தொங்க வைத்தோம் என்பது முதலில் வந்தது. அரை மணித்தியாலம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம் என்று அவர் சொன்னாரே, ஆறு நாளாகிறதே என்பது பிறகு வந்தது. இரண்டாவதுதான் அவளை உட்கார வைத்தது.

இறக்கிப் புதைத்துவிடலாம். ஆனால் இறக்கினால் பால் வற்றும். பால் வற்றினால் செம்பு மறுபடி அந்தப் பக்கம் போகும். ஒருவரைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னால் அவர் உமலைப் பிரிப்பார். பிரித்தால் பூநகரி பொய்யென்று ஊருக்குத் தெரியும், வேலிப் பொட்டு தெரியும், அவள் தங்கச்சியின் வளவில் திருடியது தெரியும். எப்படிச் சுற்றினாலும் குணலட்சுமியின் சிரிப்பில் வந்து முடிந்தது. பயம் ஒரு பக்கம் இழுத்தது, அந்தச் சிரிப்பு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்புத்தான் பலமாக இழுத்தது.

அன்றிரவே அவள் சிவப்பிக்கு இரட்டைக் கயிறு போட்டாள். விடிந்து பார்த்தால் ஒரு கயிறு அறுந்திருந்தது, மடி வற்றியிருந்தது, கொட்டில் வாசலில் ஈரக் குளம்பு போனதும் வந்ததும் பதிந்திருந்தது. எட்டாம் நாள் அவள் ஆலடியை ஒழுங்கையின் மறுகரையால் கடந்தாள். உமல் அவள் இடுப்பளவில் தொங்கியது. கொப்பு முறியவில்லை. வளைந்திருந்தது. கட்டும்போது சுருங்கிக் கிடந்த ஓலை இப்போது பின்னல் விரிய உப்பியிருந்தது.

"இளங்கொடி வத்தித்தானே போகும். இதென்ன வளருது?" என்றான் நமசிவாயம் சாப்பிடும்போது. "அவிட்டுப் பாக்கட்டோ?"

"பாலை வத்தப் பண்ணப் பாக்கிறியளோ?" என்று அவள் கத்திய கத்தில் அவன் சோற்றுக் கோப்பையோடு எழுந்து விறாந்தைக்குப் போய்விட்டான்.

பதினோராம் நாள் பின்னேரம், நாளைக்கு விடியத் திருவெம்பாவை முதற் பூசை என்றிருக்கும்போது, வேலியில் மூன்று கிடுகு விலகியது. அதே இடத்துப் பொட்டு. குணலட்சுமி அந்தப் பக்கம் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னது உங்களுக்கும் சொன்னவர்தானே?"

"சொன்னவர். எனக்கென்ன அதாலை?"

"மாசி மகத்தண்டு நான் கீரிமலைக்குப் போகேல்லை அக்கா. காய்ச்சலோடை உள்ளுக்கை படுத்திருந்தனான். யன்னலாலை கண்டனான்."

 கொட்டிலில் சிவப்பி கனைத்தது.

"அதுக்கு முந்தின முறையும் தெரியும். சிவப்பின்ரை நெத்தியைப் பாத்தால் ஆருக்குத்தான் தெரியாது? கேட்டிருந்தால் நானே கொண்டந்து விட்டிருப்பன். உங்களுக்கு வெக்கமாய்ப் போயிடும் எண்டுதான் வாய் திறக்கேல்லை." அவள் குரல் தணிந்தது. "ஆலடியிலை கனத்து இறங்கிக்கொண்டிருக்கிறது இளங்கொடி இல்லை. அதை இறக்கிப் புதைப்பம் அக்கா. நானும் வந்து பிடிக்கிறன். கோவிலுக்கு என்ரை மாட்டுப் பாலைக் கொண்டுபோங்கோ. உங்கடை எண்டே இருக்கட்டும். நான் ஒருத்தரிட்டையும் மூச்சு விடமாட்டன்."

அவள் கன்னத்தில் அறைந்திருந்தால் சின்னத்தங்கம் தாங்கியிருப்பாள். நான்கு வருஷம். நான்கு வருஷமாகத் தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறாள், போத்தலில் பால் தரட்டுமா என்று கேட்டிருக்கிறாள், பொட்டை அடைக்காமல் விட்டிருக்கிறாள். திருடியதாக நினைத்தது எல்லாம் பிச்சையாகப் போய்விட்டது. சின்னத்தங்கம் வேலிக் கிடுகைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"உனக்கு எரியுது. பத்து நாளும் நான் செம்போடை முன்னுக்கு நிக்கப்போறன் எண்டு எரியுது உனக்கு. போ!"

எரிவது யாருக்கென்று இருவருக்கும் தெரியும். குணலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு போனாள். சின்னத்தங்கம் கயிறு எடுத்து மூன்று கிடுகையும் இழுத்துக் கட்டினாள்.

விடியற்காலையில் சங்கு ஊதியது. பிறகு சேமக்கல மணி. ஒவ்வோர் ஒழுங்கையாக ஆட்களைத் துயிலெழுப்பிக்கொண்டு போகிற கூட்டத்தோடு நமசிவாயம் எப்போதோ போய்விட்டிருந்தான். சின்னத்தங்கம் கிணற்றடியில் நான்கு வாளி அள்ளி ஊற்றி, ஈரத்தலையை முடிந்து, கொடியில் இருந்த தோய்ந்துலர்ந்த சேலையை உடுத்து, புளி போட்டு மினுக்கி வைத்த வெண்கலச் செம்பையும் லாந்தரையும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். வைக்கோலும் மூத்திரமும் மழையும் சேர்ந்த மணம். மூலையில் சுட்டிக் கன்று கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. விலா மட்டும் அசைந்தது. கட்டையில் இரண்டு கயிற்றின் அறுந்த நுனியும் தொங்கின.

சிவப்பி இல்லை.

எங்கே என்று அவள் தேடவில்லை. வெங்காயத் தோட்டத்து வரம்பால் நடந்தாள். மண் குளிர்ந்து காலில் ஒட்டியது. சேமக்கலம் தூரத்தில் அடித்தது, நின்றது, இன்னும் தூரத்தில் அடித்தது. அது நின்ற இடைவெளியில் வேறொரு சத்தம் கேட்டது. ஈரச் சத்தம். இழுப்பதும் விடுவதும். இழுப்பதும் விடுவதும். கொட்டிலில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும். கன்று பால் குடிக்கிற சத்தம்.

லாந்தரை உயர்த்தினாள்.

ஆலின் கொப்பு வில்லாக வளைந்திருந்தது. உமல் முழங்காலளவில் தொங்கியது. அதற்கு மேலே, நான்கு காலையும் அகட்டி, கண்ணை அரைவாசி மூடி, சிவப்பி நின்றது. மடி உமலின் வாயோடு அழுந்தியிருந்தது. அவள் இறுக்கிய தும்புக் கயிறு அவிழ்ந்து ஒரு பக்கம் கிடந்தது. சிவப்பி வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டு நாளில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு, வயிறு நிறைந்த கன்றை விட்டு விலகுகிற தாயைப் போல மெதுவாக இரண்டு அடி நகர்ந்து நின்றது.

மடி தட்டையாக வற்றியிருந்தது.

அவள் குந்தி நான்கு காம்பையும் இழுத்துப் பார்த்தாள். ஒரு துளி இல்லை. கோவிலில் முதல் மணி அடித்தது. ஐயர் காத்திருப்பார். ஊர் காத்திருக்கும். வழிவிட நிற்பார்கள்.

டப். டப்.

உமலின் அடிப் பின்னலில் பால் கசிந்து சொட்டியது. வெள்ளையாக. ஆவி பறக்க.

"அக்கா."

பின்னால் குணலட்சுமி நின்றாள். ஈரத்தலை. கையில் வாழையிலையால் மூடிய செம்பு, விளிம்பு வரை நிறைந்து. அவள் இன்னும் மரத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"இதைக் கொண்டுபோங்கோ அக்கா. சிவப்பின்ரை எண்டு சொல்லுங்கோ. ஆருக்கும் தெரியாது."

நீட்டிய செம்பு. எட்டினால் கை படும். வாங்கினால் எல்லாம் முடிந்துவிடும். வாங்கினால் இனிச் சாகும்வரை வேலிக்கு மேலால் அந்த முகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் சின்னத்தங்கம். "என்ரை மாட்டிலை பால் இருக்கு."

லாந்தரைத் தரையில் வைத்தாள். செம்பை உமலுக்குக் கீழே பிடித்தாள். டப் என்று செம்பின் அடியில் விழுந்தது.

குணலட்சுமி அப்போதுதான் உமலைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த செம்பு விழுந்து உருண்டது. பால் மண்ணில் ஓடியது.  அவள் பின்வாங்கிப் பின்வாங்கி நடந்தாள். பிறகு ஓடினாள்.

சொட்டுவது போதவில்லை. சின்னத்தங்கம் ஒரு கையால் உமலைப் பிசைந்தாள். சூடு. உள்ளே ஒன்று உப்பித் தாழ்ந்தது. ஈரச் சீலை ஊதியது, மிகக் கிட்ட, அவள் முழங்கையில் காற்றுப் பட்டது. பால் நூலாக இறங்கியது. இன்னும் பிசைந்தாள். கை வழுக்கி உமலின் திறந்த வாய்க்குள் போயிற்று.

ஏதோ அவள் விரல்களைப் பற்றியது.

மேலே அண்ணம் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. பல் இல்லை, தாடை இல்லை. நாக்கு மட்டும். நீளமான, சூடான, சொரசொரத்த நாக்கு. அது விரல்களைச் சுற்றியது. இழுத்தது. விட்டது. இழுத்தது.

கோவிலில் இரண்டாம் மணி அடித்தது. செம்பு இன்னும் அரைவாசிதான் நிறைந்திருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.